தெலுங்குக்கு ஒரு சீர்வரிசைத் தட்டு

நான் பல் டாக்டர். கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் ஒரு பூக்கடைக்கு மேல்மாடியில் என் கிளினிக். படியேறி வருகிறவர்களுக்கு முதலில் மல்லிகை மணக்கும், அப்புறம் கிராம்பு எண்ணெய். நாள் முழுக்க அடுத்தவர் வாய்க்குள் பார்த்துக்கொண்டிருப்பவளுக்குப் பேச்சைப் பற்றியே யோசனை ஓடுவதில் ஆச்சரியம் இல்லை. என் நோயாளிகளால் திருப்பிப் பேச முடியாது, அதனால் நான்தான் பேசுவேன். மொழிகள் எங்கிருந்து வந்தன, எப்படிப் பரவின, யாருடைய மொழி யாருடையதற்கு உறவு என்று பேசுவேன். ஊசி போட்டு மரத்துப்போகக் காத்திருக்கும் நேரத்தில், பாவம், அவர்கள் எங்கே ஓட முடியும்?

இந்தப் பைத்தியம் கல்யாணத்தோடு வந்தது. நான் கிள்ளான்காரி, தமிழச்சி. என் கணவர் தெலுங்கர். பேராக்கில் தெலுங்குக் குடும்பங்கள் நிறைந்த ஒரு தோட்டத்தில் பிறந்து, அப்பாவுக்கு ரயில்வேயில் வேலை கிடைத்ததால் செந்தூலில் வளர்ந்தவர். படித்தது தமிழ்ப் பள்ளியில். பக்கத்தில் இருந்தது அதுதான். எங்கள் வீட்டில் நல்ல தமிழ் பேசுகிறவர் அவர். நான் "டைம் ஆச்சு, கார் கீ எங்க" என்று கத்துவேன், அவர் "சாவி மேசை மேல இருக்கு" என்பார். பள்ளிப் பேச்சுப் போட்டியில் முதல் பரிசு வாங்கியிருக்கிறார். பரிசு கொடுத்த பெரிய மனிதர் மைக்கில், "தெலுங்குப் பையனா இருந்தும் நல்லா பேசினான்" என்றாராம். அந்த 'இருந்தும்' அவருக்குள் இன்னும் உறுத்திக்கொண்டிருக்கிறது.

தெலுங்கை அவர் தம் அம்மாவோடு மட்டும்தான் பேசுவார். அதுவும் போனில், பால்கனிக் கதவைச் சாத்திக்கொண்டு. அம்மா இறந்த பிறகு அதுவும் நின்றுபோயிற்று. எனக்கு அந்த மொழி சாப்பாட்டு மேசை அளவுக்குப் புரியும், பேச வராது. பிள்ளைகளுக்கு அதுவும் இல்லை. ஒரு மனிதருக்குத் தாய்மொழி இருந்தும் அதைப் பேச ஆள் இல்லாமல் போவதைப் பக்கத்திலிருந்து பார்ப்பது கஷ்டமான காரியம்.

அந்தக் கஷ்டத்தில்தான் படிக்க ஆரம்பித்தேன். எழுத்து தோன்றுவதற்கு முந்திய காலத்தில் ஒரு மொழி எப்படி இருந்தது என்று அறிய மண்ணைத் தோண்டினால் மட்டும் போதாது, சொற்களைத் தோண்டுகிறார்கள். கண், பல், நீர் போன்ற சொற்களை ஒரு கூட்டம் இன்னொரு கூட்டத்திடமிருந்து அவ்வளவு சுலபமாக எடுத்துக்கொள்வதில்லை. பல்லுக்குப் பெயர் வேண்டி யாராவது அடுத்த வீட்டுக் கதவைத் தட்டுவார்களா? அப்படிப்பட்ட சொற்கள் பல மொழிகளில் ஒரே சாயலில் இருந்தால், அவையெல்லாம் ஒரு வயிற்றுப் பிள்ளைகள். தெலுங்கில் பல்லு, கன்னடத்தில் ஹல்லு, மலையாளத்தில் பல்லு. வட இந்தியாவில் ஜார்க்கண்ட் காட்டுப் பக்கம் வாழும் குடுக் மக்கள் மொழியிலும் பல் பல்தான். அதைப் படித்த அன்றைக்கு நான் கிளினிக்கில் தனியாக உட்கார்ந்து சிரித்தேன். விஷயத்தைச் சொன்னதும் என் உதவியாளர், மலாய்ப் பெண், "எங்க மாத்தா என்ன குறைஞ்சு போச்சு டாக்டர்?" என்று மலாயில் கேட்டாள். அவளும் விவரமானவள். அவள் மொழிக் குடும்பம் தைவானிலிருந்து படகேறிக் கடலெல்லாம் பரவியது. கண்ணுக்கு மலாயில் சொல்லும் அந்த 'மாத்தா' பிலிப்பைன்ஸிலிருந்து ஃபிஜி வரைக்கும் அப்படியே இருக்கிறது. எனக்குக் கொஞ்சம் பொறாமையாகக்கூட இருந்தது.

எங்கள் குடும்பத்துத் தாய் எங்கே இருந்தாள் என்பதில் ஆய்வாளர்களுக்குள் இன்னும் சண்டை. சிந்து வெளி என்கிறார்கள் சிலர். கோதாவரிப் பக்கம் என்கிறார்கள் சிலர். தக்காணத்தில் முதன்முதலில் மாடு மேய்த்தவர்களின் பேச்சு என்று ஒரு கட்சி. வயது நாலாயிரம் ஆண்டுக்கு மேல் இருக்கும் என்பதைப் பலரும் ஏற்கிறார்கள். அவள் தமிழும் இல்லை, தெலுங்கும் இல்லை. தன் மொழிக்கு அவள் என்ன பெயர் வைத்திருந்தாள் என்று யாருக்கும் தெரியாது. வசதிக்காக மூலத் திராவிடம் என்று இவர்களே ஒரு பெயர் வைத்துக் கூப்பிடுகிறார்கள்.

ஒரு நாள் பங்சாரில் வேலை பார்க்கும் ஓர் என்ஜினியர் கடைவாய்ப் பல் வலி என்று வந்தார். பாகிஸ்தான்காரர், குவெட்டா பக்கம். வீட்டில் என்ன மொழி பேசுவீர்கள் என்று வழக்கம்போல் ஆங்கிலத்தில் கேட்டேன். "பிராகுயி" என்றார். என் கையிலிருந்த கருவியைத் தட்டில் வைத்துவிட்டேன். பலுச்சிஸ்தான் மலைகளில் பேசப்படும் பிராகுயி எங்கள் குடும்பம். அது அங்கேயே தங்கிப்போன கிளையா, பின்னால் இடம்பெயர்ந்து போனதா என்பது தீராத வழக்கு. உங்கள் மொழியில் எண்ணுங்கள் என்றேன். அந்த மனிதர் ஒரு கன்னம் வீங்கிய நிலையில், "அசிட், இரட், முசிட்" என்றார். கல்லுக்கு என்ன என்றேன். தொண்டைக்குள்ளிருந்து கரகரவென்று ஒரு ககரம் எழுப்பி, 'கல்' என்றார். பால்? கிட்டத்தட்ட பால்தான். 'நீ'க்கு என்ன? நீதான். பல் டாக்டர் எதற்காகக் கண் கலங்குகிறாள் என்று அவர் பயந்துபோனார். பல்லைப் பிடுங்கி அனுப்பிவிட்டு, மறுவாரம் வந்தபோது அவர் சம்மதத்தோடு போனில் பதிவு செய்துகொண்டேன்.

அந்தப் பதிவைக் கேட்டுவிட்டுத்தான் கிள்ளானில் ஒரு தமிழ் மன்றத் தலைவர் என்னைப் பேசக் கூப்பிட்டார். லோரி கம்பெனி வைத்திருப்பவர், நான் பள்ளிச் சீருடையில் திரிந்த காலத்திலிருந்து எனக்கு அண்ணன். கை தாராளம், மனசு அதைவிடத் தாராளம், பிடிவாதம் எல்லாவற்றையும்விட. ஆண்டு விழாவில் 'தமிழும் அதன் குடும்பமும்' என்று நான் பேச வேண்டும். பெருமையாக ஒப்புக்கொண்டேன். பிறந்த ஊரில் மேடை கிடைத்தால் யாருக்குத்தான் கசக்கும்?

விழாவுக்கு முந்திய வாரம் பேனரின் படத்தை வாட்சாப்பில் அனுப்பினார். பெரிய ஆலமரம். வேரில் தங்க எழுத்தில் தமிழ். கிளைகளில் தெலுங்கு, மலையாளம், கன்னடம். மேலே குட்டிக் கிளைகளில் கொரிய மொழிகூட இருந்தது. அதோடு ஒரு குரல் செய்தி. நானும் என் கணவரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம், நான் யோசிக்காமல் அமுக்கிவிட்டேன்.

"டாக்டர், சூப்பர் ஐடியா ஒண்ணு. உங்க டாக் முடிஞ்ச உடனே தாய்வீட்டுச் சீர். தமிழ் அம்மா வூட்டுக்கு மக பிள்ளைங்க வர்றாங்க இல்ல? மலையாளம், கன்னடம், தெலுங்கு, மூணு பேருக்கும் மேடையில சீர்வரிசைத் தட்டு. சேலை, பழம், தேங்காய், எல்லாம் முறைப்படி. தெலுங்குக்குக் கூப்பிட்ட ஆளு வேற வேலை இருக்குன்னுட்டாரு. பரவால்ல லா, நம்ம மாப்பிள்ளை இருக்காரே! கிள்ளானுக்கே அவரு மாப்பிள்ளை. சீர் வாங்க அவரைவிட யாரு இருக்கா?"

இப்படி ஒரு யோசனை எங்கள் ஆட்களுக்கு மட்டும்தான் தோன்றும். அன்பைக் காட்டுவதென்றால் தட்டில் வைத்து, மஞ்சள் குங்குமத்தோடு, நாலு பேர் பார்க்கக் காட்ட வேண்டும். அந்த அன்பில் பொய் இல்லை. அதனால்தான் அதை மறுப்பது இவ்வளவு கஷ்டம்.

என் கணவர் கையைக் கழுவிவிட்டு வந்தார்.

"நான் வரல. நீ போயிட்டு வா."

"ஏங்க, அவரு ஆசையா..."

"ஆசையாத்தான் கூப்பிடுறாரு, தெரியுது. எங்க அம்மா பேசின மொழி யாருக்கும் மக இல்ல. அது மேடையேறிக் கையேந்தி நிக்காது." என் தட்டையும் எடுத்துக்கொண்டு, "நீ நல்லா பேசுவ. போ" என்றார்.

கத்தியிருந்தால் நானும் கத்தியிருப்பேன். அவர் மெதுவாகச் சொன்னதுதான் என்னைக் கலக்கியது. விஷயம் எனக்கு அப்போதே தெளிவாகிவிட்டது. நான் மேடையில் பேனருக்கு ஏற்றபடி பேசிவிட்டு வந்தால், இந்த மனிதர் இனி எந்தத் தமிழ் மண்டபத்திலும் என்னோடு வந்து உட்காரமாட்டார். படித்ததைப் படித்தபடி சொன்னால் என் ஊர்க்காரர்கள் என்னைச் சும்மா விடமாட்டார்கள்.

அண்ணனுக்குப் போன் போட்டேன்.

"அண்ணே, தெலுங்கு நமக்கு மக இல்லண்ணே. கூடப்பொறந்தது."

"ரெண்டும் ஒரே குடும்பம்தானே லா."

"மகளுக்கும் தங்கச்சிக்கும் வித்தியாசம் இல்லையா?"

"டாக்டர், பேனர் அடிச்சாச்சு. சேலை எடுத்தாச்சு. கேட்டரிங்குக்குச் சொல்லியாச்சு. இப்ப வந்து மாத்துன்னா எப்படி?" கொஞ்சம் யோசித்துவிட்டு, "உங்க டாக்ல நீங்க என்ன வேணும்னாலும் பேசுங்க. நான் தடுக்க மாட்டேன். உங்க மேடை அது" என்றார். அவரிடம் எனக்குப் பிடித்ததே இதுதான். பேனரை மாற்றமாட்டார், வாயையும் அடைக்கமாட்டார்.

விழா ஞாயிற்றுக்கிழமை காலை. என் கணவர் என்னை கே.எல். சென்ட்ரலில் இறக்கிவிட்டார். வழியில் ரேடியோ மட்டும்தான் பேசியது. கொமூட்டர் ரயிலில் கிள்ளான் வரைக்கும் ஜன்னல் பக்கம் உட்கார்ந்து பேச வேண்டியதை மனசுக்குள் ஓட்டிப்பார்த்தேன். மண்டபத்துக்குப் போய்க் கைப்பையைத் திறந்தால் மூக்குக்கண்ணாடியைக் காணோம். காரிலேயே விட்டிருக்கிறேன். அது இல்லாமல் என் குறிப்பில் ஒரு வரி தெரியாது. அவருக்கு ஒரு மெசேஜ் போட்டுவிட்டு, இனி ஆண்டவன் விட்ட வழி என்று முன்வரிசையில் உட்கார்ந்தேன்.

மேடை நிறையப் பேனர். அதற்கு முன்னால் குத்துவிளக்கு, விளக்கின் முன்னால் மூன்று தட்டு. ஒவ்வொன்றிலும் மொழியின் பெயரை ஒட்டியிருந்தார்கள். தெலுங்குத் தட்டில் ஊதா நிறப் பட்டுச்சேலை. என் கணவர் வந்திருந்தால் அதைத் தோளில் போட்டுக்கொள்வாரா, இடுப்பில் சுற்றிக்கொள்வாரா? சிரிப்பு வந்தது. 

பிரமுகர் வந்துசேர வழக்கம்போல் நேரமாயிற்று. வாழ்த்துப் பாடி, விளக்கேற்றி, வரவேற்புரை ஆற்றி, வரவேற்புரை ஆற்றியவருக்குப் பொன்னாடை போர்த்தி, ஒருவழியாக என்னைக் கூப்பிட்டார்கள். குறிப்பு தெரியாததால் நோயாளிகளிடம் பேசுவதுபோல் பேசினேன். எல்லோரும் பல்லைத் தொடுங்கள் என்றேன். பிள்ளைகள் தொட்டார்கள், பிறகு பெரியவர்களும் தொட்டார்கள், பிரமுகர் மட்டும் யோசித்தார். பல், பல்லு, ஹல்லு என்று சொல்லிக்கொண்டே வடக்கே போனேன். பிறகு குவெட்டாக்காரரின் குரலைப் போட்டேன். "அசிட், இரட், முசிட்." மண்டபம் ஒரு நொடி திகைத்தது. மறுபடியும் போடச் சொன்னார்கள். போட்டேன். இரண்டு, மூன்று என்று பின்வரிசையிலிருந்து தாமாகவே கூடச் சொன்னார்கள். எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது.

"இந்தப் பாகிஸ்தான்காரர் நமக்குப் பிள்ளையா?" என்று கேட்டேன். "இவங்க முன்னோர் நம்ம முன்னோரை விட்டுப் பிரிஞ்சு போனப்ப, தமிழ்னு ஒண்ணு தனியா இல்ல. தெலுங்குன்னும் இல்ல. எல்லாருக்கும் ஒரு அம்மா இருந்தா. அவ பேரு நமக்குத் தெரியாது. தெலுங்கு நம்ம மக இல்ல. நம்ம தமிழுக்குக் கூடப்பொறந்தவ."

மூன்றாம் வரிசையில் ஓர் அங்கிள் எழுந்தார். வேட்டி சட்டை, நெற்றியில் பட்டை.

"டாக்டர், இப்பத்தான் தமிழ்த்தாய்க்கு வாழ்த்துப் பாடிட்டு உக்காந்தோம். நீங்க வந்து தமிழ் தாயே இல்லங்கறீங்களா?"

கைதட்டல் பலமாக விழுந்தது. எனக்குக் கோபம் சட்டென்று வரும், அன்றைக்கும் வந்தது.

"யாரு சொன்னா அங்கிள்? தமிழ் எனக்கு அம்மாதான். உங்களுக்கும் அம்மாதான். ஆனா எங்கம்மாவுக்கும் தங்கச்சி இருக்காங்க. எங்க சின்னம்மாகிட்ட போயி, 'நீ எங்கம்மா வயித்துல பொறந்தவ'ன்னு சொன்னா, சின்னம்மா காப்பி போட்டுக் கொடுப்பாங்களா, செருப்பைத் தூக்குவாங்களா?"

மண்டபம் சிரித்தது. அங்கிளும் சிரித்துவிட்டார், ஆனால் உட்காரவில்லை. "அப்ப நமக்கு என்னதான் பெருமை?" என்றார். அது நல்ல கேள்வி. அதற்காகவே நான் அந்த மேடைக்குப் போனேன் என்று இப்போது தோன்றுகிறது.

"நம்ம அம்மாதான் இந்தக் குடும்பத்துலயே முதல்ல எழுதப் படிக்கக் கத்துக்கிட்டவ, அங்கிள். அந்தக் காலத்துல அவ எழுதின பாட்டை இன்னிக்கும் பள்ளிக்கூடத்துல நம்ம பிள்ளை படிக்குது. அவளைப் பெத்தவ வாயில இருந்த 'ழ'வை இத்தனை ஆயிரம் வருஷமா நாமளும் மலையாளமும் காப்பாத்தி வச்சிருக்கோம். கப்பலேறி, ரயில் பாதை போட்டு, ரப்பர்த் தோட்டத்துல பால் மரம் வெட்டி, இங்க கிள்ளான் வரைக்கும் கொண்டாந்திருக்கோம். எனக்கு அதுல திமிரே உண்டு. இதுக்கு மேல நான் எதுக்கு அடுத்தவங்க அம்மாவை என் மகள்னு சொல்லிக்கணும்?"

அங்கிள் மெல்ல உட்கார்ந்தார். கைதட்டல் முதலில் அங்கங்கே விழுந்து, பிறகு சேர்ந்துகொண்டது. அப்போதுதான் பார்த்தேன். மண்டபத்தின் கடைசியில், மீகூன் நூடுல்ஸ் தட்டுகளை அடுக்கிக்கொண்டிருந்த மேசைக்குப் பக்கத்தில், என் மூக்குக்கண்ணாடிக் கூட்டைக் கையில் பிடித்துக்கொண்டு என் கணவர் நின்றிருந்தார். எப்போது வந்தார், எதிலிருந்து கேட்டார் என்று தெரியவில்லை.

அடுத்தது சீர். தலைவர் அண்ணன் மைக்கை வாங்கினார். கன்னடத்துக்கு பங்சாரில் உணவகம் வைத்திருக்கும் ஒருவர் வந்து தட்டை வாங்கிக்கொண்டு போனார். மலையாளத்துக்கு ஓர் ஆசிரியை வந்தார், சிரித்துக்கொண்டே வாங்கினார். மூன்றாவது தட்டைக் கையில் எடுத்த அண்ணன் தயங்கினார். தெலுங்குக்கு யாரும் வரமாட்டார்கள் என்று நான் அவரிடம் முன்பே சொல்லியிருந்தேன். ஆனால் அதற்குள் நிகழ்ச்சி நெறியாளர் என் கணவரைப் பார்த்துவிட்டார். "இதோ, கிள்ளான் மாப்பிள்ளையே வந்திருக்காரு!" என்று மைக்கில் கூவினார். மண்டபம் முழுக்கத் திரும்பியது.

அவருக்குப் பின்னால் கதவு திறந்தே இருந்தது. போய்விடலாம். போயிருந்தால் நான் குறை சொல்லியிருக்கமாட்டேன். என் பேச்செல்லாம் தீர்ந்துபோயிருந்தது, செய்வதற்கு எனக்கு ஒன்றும் இல்லை.

அவர் நடந்து வந்தார். வழியில் கண்ணாடிக் கூட்டை என்னிடம் கொடுத்துவிட்டு மேடையேறினார். அண்ணன் தட்டோடு நின்றார். பேனரைத் திரும்பிப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"மாப்பிள்ளை, நான் லோரி ஓட்டுற ஆளு. மனசுல பட்டதைச் செஞ்சுட்டேன். இப்ப டாக்டர் பேச்சைக் கேட்ட பொறவு, இந்தத் தட்டை நான் உங்ககிட்ட குடுக்கலாமா கூடாதான்னு தெரியல. நீங்களே சொல்லுங்க."

என் கணவர் தட்டின் மறுபக்கத்தைப் பிடித்தார். வாங்கவில்லை, பிடித்தார். இரண்டு பேரும் சேர்ந்து தூக்கிக்கொண்டு நாலு எட்டு நடந்து, குத்துவிளக்கின் முன்னால் குனிந்து அதை இறக்கி வைத்தார்கள். தட்டில் ஒட்டியிருந்த 'தெலுங்கு' என்ற பெயர்த்தாளை என் கணவர் மெதுவாக உரித்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். பிறகு மைக்கை வாங்கினார். செந்தூலில் பரிசு வாங்கிய தமிழில் ஏதாவது அழகாகச் சொல்லப்போகிறார் என்று நினைத்தேன்.

"இதி மன அம்மகு" என்றார்.

தெலுங்கில், தமிழ் மேடையில், எல்லோர் முன்னாலும். அவர் அம்மா இறந்த பிறகு அந்த வாயிலிருந்து நான் கேட்ட முதல் தெலுங்கு அது. கதவுக்கு வெளியே நின்றுதான் அந்தக் குரலை இத்தனை வருஷமும் கேட்டிருக்கிறேன். அது இவ்வளவு கணீரென்று இருக்கும் என்று எனக்குத் தெரியாது. அப்படி ஒரு பெருமை என் வாழ்க்கையில் எனக்கு வந்ததில்லை. யாரை நினைத்துப் பெருமைப்படுகிறேன் என்றுகூடப் பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.

யாராவது தமிழில் சொல்லட்டும் என்று நெறியாளர் என் பக்கம் பார்த்தார். நான் வாயைத் திறப்பதற்குள் முன்வரிசையில் ஓர் ஆன்டி, கிள்ளானிலேயே பிறந்து தமிழைத் தவிர வேறு எந்த மொழியும் வீட்டில் பேசாதவர், பக்கத்திலிருந்தவரிடம் உரக்கச் சொன்னார்.

"நம்ம அம்மாவுக்காம்."

சொல்லிவிட்டு, சேலைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டு எழுந்து நின்றார். அவருக்குப் பின்னால் மற்றவர்களும் எழுந்தார்கள். மூன்றாம் வரிசை அங்கிளும் எழுந்தார்.